திண்ணையை விட்டு இறங்குங்கண்ணே!

உங்கள் ஆபீஸில் நிச்சயம் ஒருவர் இருப்பார். 'லிஃப்ட் ரிப்பேர்' என்று போர்டு தொங்கினால் போதும், இரண்டு மாடி ஏற மனசில்லாமல் கீழே டீக்கடையில் உட்கார்ந்து, மெக்கானிக் வரும்வரை மூன்று வடையை முடிக்கிற ஆசாமி. ஜனவரி ஒண்ணாம் தேதி ஷூ வாங்குவார். பொங்கல் கழிவதற்குள் அந்த ஷூவில் பல்லி குடித்தனம் வந்துவிடும்.

இத்தனைக்கும் அவருக்கு என்ன குறை? புத்தி தெளிவாக இருக்கிறது, கை கால் நன்றாக இருக்கிறது, மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

இப்போது இன்னொருவரை நினைத்துப் பாருங்கள். 'எழுந்திரு' என்று உள்ளேயிருந்து ஒரு உத்தரவு வருமே, அந்த உத்தரவு போடுகிற இடத்திலேயே அவருக்கு நோய். அவரைப் பார்த்து, "சும்மாதானே உட்கார்ந்திருக்கே, கொஞ்சம் நடந்துட்டு வாயேன்" என்கிறோம். வராவிட்டால் 'சோம்பேறி' என்று பட்டமும் கொடுத்துவிடுகிறோம்.

அவருக்கு வந்திருப்பது மனச்சிதைவு நோய். டாக்டர்கள் பாஷையில் ஸ்கிஸோஃப்ரினியா.

இருப்பதும் இல்லாததும்

சினிமாவில் காட்டுகிற மாதிரி ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள் புகுந்து சண்டை போடுகிற சமாசாரம் இல்லை இது. அது வேறு. மனச்சிதைவை எளிதாகப் புரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. இதன் அறிகுறிகளை இரண்டு கூடையில் போடலாம்.

முதல் கூடையில், இருக்கக் கூடாதது இருக்கும். யாரும் பேசாதபோது காதில் குரல் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் சோற்றில் விஷம் வைக்கிறார் என்று சந்தேகம் வரும். ஊருக்குக் கண்ணில் படுவது இந்தக் கூடைதான்.

இரண்டாவது கூடையில், இருக்க வேண்டியது இல்லாமல் போயிருக்கும். ஆசை இல்லை, ஆர்வம் இல்லை, பேச்சு இல்லை. குளிக்கத் தோன்றாது, கல்யாண வீட்டுக்குக் கிளம்பத் தோன்றாது. இந்தக் கூடை யார் கண்ணிலும் படாது. பட்டாலும் 'திமிர்' என்றோ 'சோம்பல்' என்றோ பெயர் வாங்கிக்கொள்ளும்.

1952-ல் பாரீஸில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அன்றிலிருந்து முதல் கூடைக்கு ஓரளவு நல்ல வைத்தியம் கிடைத்துவிட்டது. மாத்திரையும் ஊசியும் பலருக்குக் குரல்களை அடக்குகின்றன. இரண்டாவது கூடைக்கு மாத்திரை அவ்வளவாகப் பிடிகொடுப்பதில்லை. வருஷக்கணக்கில் நோயோடு இருப்பவர்களைப் பாயிலும் திண்ணையிலும் உட்கார வைத்திருப்பது பெரும்பாலும் அதுதான்.

எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள்? பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்து 2016-ல் கணக்குப் பார்த்தார்கள். தூங்குகிற நேரத்தைக் கழித்துவிட்டு, ஒரு நாளைக்குச் சராசரியாக 660 நிமிஷம். அதாவது 11 மணி நேரம்! பைல்களுக்கு நடுவே புதைந்து கிடக்கும் நம் ஆபீஸ் சூப்பரின்டெண்டெண்ட்கூடத் தோற்றுப்போவார்.

எமன் எந்தப் பக்கமாக வருகிறான்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகத்தில் ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவர் இந்த நோயோடு வாழ்கிறார். இவர்கள் சீக்கிரமே இறந்துபோகிற வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

'ஐயோ, தற்கொலையா?' என்றுதான் உடனே கேட்கத் தோன்றும். அதுவும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெரிய பங்கு மாரடைப்பு, சர்க்கரை, நுரையீரல் நோய், தொற்றுநோய் என்று நம் எல்லோரையும் கொண்டுபோகிற அதே பட்டியல்தான். நமக்கு அறுபத்தைந்து, எழுபதில் வருவது இவர்களுக்கு நாற்பத்தைந்து, ஐம்பதிலேயே வந்து கதவைத் தட்டுகிறது.

காரணங்கள் ஒன்றோடு ஒன்று கைகோத்து நிற்கின்றன. உட்கார்ந்தே இருப்பது ஒன்று. பீடி, சிகரெட் ஒன்று. சில மருந்துகள், முக்கியமாக ஓலன்சபின், குளோசபின் போன்றவை, பசியைக் கிளப்பி எடையை ஏற்றுவது ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று இருக்கிறது. இவர் 'நெஞ்சு வலிக்குது' என்று சொன்னாலும், 'அது அவன் ஏதாவது உளறுவான்' என்று ஒதுக்கிவிடுகிற நம் பழக்கம்.

உடனே "அப்படின்னா மாத்திரையை நிறுத்திடலாமா சார்?" என்று கேட்காதீர்கள். கூடவே கூடாது. நிறுத்தினால் முதல் கூடை மறுபடி திறந்துகொள்ளும். அதைவிட ஆபத்து வேறில்லை. மாத்திரையும் இருக்க வேண்டும், உடம்பும் அசைய வேண்டும். அதற்கு என்ன வழி என்பதுதான் கேள்வி.

சிலமலையில் ஒரு பால் கேன்

எனக்குச் சொந்த ஊர் சிலமலை. போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகிற ரோட்டில், மேற்கே மலையைச் சுவர் மாதிரி சாத்திவைத்துக்கொண்டு இருக்கிற ஊர். போடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏலத்தையே ஏலம் விடுகிற ஊர்! விடியுமுன்னே தூக்குவாளியோடு பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போவார்கள். இருட்டின பிறகுதான் வீடு திரும்புவார்கள். இந்தப் பக்கத்தில் 'நடப்பது' என்பது உடற்பயிற்சி இல்லை, பிழைப்பு. 'வாக்கிங் போறேன்' என்று யாராவது சொன்னால், 'எதுக்கு, பஸ் வரலையா?' என்று கேட்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், இருபத்து மூன்று வருஷமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பி.காம். இரண்டாம் வருஷத்தில் வந்த நோய். ஆரம்பத்தில் கோயில், மந்திரிப்பு எல்லாம் முடித்துவிட்டு, அப்புறம்தான் டாக்டர். ஊசியும் மாத்திரையும் ஆரம்பித்தபின் கத்துவது நின்றது. குரல்கள் சன்னமாயின. வீட்டில் எல்லோரும், 'அப்பாடா, சரியாயிடுச்சு' என்று மூச்சு விட்டார்கள். அந்த மூச்சோடு சரி. அண்ணன் திண்ணையில் உட்கார்ந்தார். டீ, பீடி, சாப்பாடு, தூக்கம்... மறுபடி டீ.

மூன்று வருஷத்துக்கு முன்னால் காலில் ஒரு புண் ஆறவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. வயசு நாற்பத்து நாலு. டாக்டர் சர்க்கரை மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "தினம் அரை மணி நேரம் நடக்கச் சொல்லுங்கம்மா" என்றார்.

சொன்னார்கள். பெரியப்பா சொன்னார், அக்கா சொன்னாள். தீபாவளிக்குப் போன நானும் என் பங்குக்கு, "நடங்கண்ணே, உடம்புக்கு நல்லது" என்றேன். அண்ணன் தலையை ஆட்டினார், உட்கார்ந்திருந்தார்.

பெரியம்மாதான் அடுப்படியிலிருந்து ஒரு கேள்வி கேட்டது. "நீ ஒரு நா வந்து 'நடங்கண்ணே, நடங்கண்ணே'னு சொல்லிட்டு பஸ் ஏறிருவப்பா. நாளைக்கு விடிஞ்சா அவன்கூட யாரு நடக்கிறது?"

உலகம் பூரா டாக்டர்கள் ஆராய்ச்சி பண்ணிக் கடைசியில் வந்து சேர்ந்த கேள்வியும் இதுதான் என்பது எனக்குப் பிற்பாடு படிக்கும்போது தெரிந்தது. பெரியம்மா மூணாங்கிளாஸ்!

பதில் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அங்கே எங்களுக்குச் சித்தப்பா முறையாகிற ஒருவர். இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். தினமும் காலையில் பால் சொசைட்டிக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு போவார். ஒருநாள் திண்ணை முன்னால் நின்று, "டேய் மகனே, கேன் கனக்குதுடா. ஒரு கை பிடி" என்றார். உடம்பு, சர்க்கரை, டாக்டர் என்ற பேச்சே இல்லை. அண்ணன் அசையவில்லை. மறுநாளும் நின்றார். நாலு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் அண்ணன் செருப்பைத் தேடினார்.

வீட்டிலிருந்து சொசைட்டிக்கு முக்கால் கிலோமீட்டர் இருக்கும். போக வர ஒன்றரை. முதல் மாசம் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாராம். சித்தப்பாவும் கூடவே உட்கார்ந்து ஒரு வெற்றிலை போட்டுக்கொள்வாராம். மாசத்தில் ஏழெட்டு நாள் வரவே மாட்டார். 'ஏன் வரலை?' என்று சித்தப்பா கேட்டதில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்தில் நிற்பார், அவ்வளவுதான்.

"அற்புதம் நடந்தது, அண்ணன் குணமானார்" என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. குரல்கள் இன்னும் இருக்கின்றன. சர்க்கரை மாத்திரை நிற்கவில்லை, டோஸ் ஏறவும் இல்லை. புண் ஆறிவிட்டது. பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டுவது இப்போது அவர் பொறுப்பு. அதற்குச் சித்தப்பா மாசம் ஒரு தொகை கையில் கொடுத்துவிடுகிறார்.

போன தடவை போனபோது, "நடக்கிறப்ப அந்தப் பேச்சுக் கேட்கிறதில்லையாண்ணே?" என்று கேட்டேன்.

"கேட்காம என்னா தம்பி... கேட்கத்தான் செய்யுது. ஆனா எனக்கும் சோலி இருக்குல்ல? பூரா நேரமும் அவனுக பேசுறதையே கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா?"

இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் எனக்கு விளக்கியதில்லை.

பெங்களூர் போட்டி

இது ஒரு வீட்டுக் கதை. ஒரு வீட்டில் நடந்ததை வைத்து ஊருக்கு வைத்தியம் சொல்லக் கூடாது. அதனால் ஆராய்ச்சிக்காரர்கள் பக்கம் போவோம்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் நடந்த ஒரு ஆராய்ச்சி 2007-ல் வெளியானது. நோயோடு இருக்கிற 61 பேரைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி இரண்டு அணியாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான மாத்திரை உண்டு. அதோடு ஒரு அணிக்கு யோகாசனம், மற்ற அணிக்குச் சாதாரண உடற்பயிற்சி. நாலு மாசம் கழித்துப் பார்த்தால் இரண்டு அணியுமே முன்னைவிடத் தேறியிருந்தது. யோகா அணி ஒரு படி மேலே. இரண்டாவது கூடை என்று சொன்னோமே, மற்றவர்களோடு பழகுவது, வேலை செய்வது, அதிலும் முன்னேற்றம். கடைசிவரை நின்று சோதனைக்கு வந்தவர்கள் 41 பேர். அதாவது மூன்றில் ஒருவர் நடுவிலேயே கழன்றுகொண்டார்கள். நம்முடைய ஜிம் கணக்கோடு ஒப்பிட்டால் அது ரொம்ப கௌரவமான நிலவரம்!

அதே நிறுவனத்திலிருந்து 2012-ல் இன்னொரு கணக்கு வந்தது. என்னைக் கேட்டால், ஆசனத்தைவிட அதுதான் முக்கியம். 'யோகாவில் சேருகிறீர்களா?' என்று கேட்கத் தகுதியான 392 பேரில், 223 பேர் வரமாட்டோம் என்றார்கள். ஏன்? யோகா பிடிக்காது என்றா, மதம் குறுக்கே வந்தது என்றா? இல்லை. முதல் காரணம், 'ரொம்ப தூரம்'. 83 பேர் சொன்ன பதில் அது. அடுத்தது, 'கூட்டிக்கொண்டு வர ஆள் இல்லை.'

'அவன்கூட யாரு நடக்கிறது?' என்று பெரியம்மா அடுப்படியில் கேட்டது நினைவிருக்கிறதா?

ஜெர்மனியில் 2010-ல் ஒரு ஆராய்ச்சி வந்தது. வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம், மூன்று மாசம் சைக்கிள் மிதித்தவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். ஞாபகத்துக்குப் பொறுப்பான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி 12 சதவிகிதம் வளர்ந்திருந்தது! பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. ஆனால் சைக்கிள் மிதித்த நோயாளிகள் எட்டே பேர். நெதர்லாந்தில் 2013-ல் கூடுதல் ஆட்களோடு பார்த்தபோது அந்த வளர்ச்சி தென்படவில்லை. ஆகவே, 'நடந்தால் மூளை வளரும்' என்று யாராவது சொன்னால் இப்போதைக்குச் சிரித்துவைப்போம்.

உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு. பல ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்து 2015-ல் இங்கிலாந்தில் அலசினார்கள். கொஞ்சம் மூச்சு வாங்குகிற அளவுக்கு, வாரம் மொத்தம் 90 நிமிஷம் உடம்பை அசைத்தாலே நோயின் அறிகுறிகள் குறைகின்றன என்று கண்டார்கள். வாரத்துக்கு 90 நிமிஷம்! ஒரு மசாலா படத்தின் இடைவேளை வரைக்கும் ஆகிற நேரம். அடுத்த வருஷம் வந்த அலசலில் இன்னொன்றும் தெரிந்தது. பயிற்சி தெரிந்த ஆள் கூடவே இருந்து நடத்தினால் பாதியில் விட்டுப்போகிறவர்கள் குறைகிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து பாண்டை பகுதியில் இதை முதல் நாளிலிருந்தே செய்துபார்த்தார்கள். புதிதாக நோய் வந்து மாத்திரை ஆரம்பிக்கிற இளைஞர்களுக்கு, கூடவே உடற்பயிற்சியும் சாப்பாட்டு ஆலோசனையும். 12 வாரத்தில் அவர்கள் எடை சராசரியாக 1.8 கிலோதான் ஏறியது. வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களுக்கு 7.8 கிலோ. சின்ன ஆராய்ச்சிதான். ஆனால் ஏறின தொப்பையை இறக்குவதைவிட ஏறாமல் பார்ப்பது சுலபம் என்பது நம் எல்லோருக்குமே தெரிந்த விஷயமாயிற்றே!

இத்தாலியும் ஜப்பானும் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. மனநோயோடு வாழ்கிறவர்களுக்கென்றே கால்பந்து அணி. 2016-ல் ஒசாகாவிலும் 2018-ல் ரோமிலும் உலகக் கோப்பையே நடத்தினார்கள். டிரஸ் போட்டு, நம்பர் குத்தி, தேசிய கீதம் பாடி! 'நோயாளி' என்று அழைக்கப்பட்டவரை, 'எங்க சென்டர் ஃபார்வர்டு' என்று அழைக்கிறார்கள். அந்தப் பெயர் மாற்றத்துக்கே பாதி பலன் இருக்கும்போல.

கீழ்ப்பாக்கத்தில் ஒரு பெண்மணி

நம்ம ஊரில் யாரும் யோசிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். 1961-ல் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குத் தலைமை ஏற்றார் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 'கீழ்ப்பாக்கம்' என்றால் கேலி பேசிச் சிரிக்கிற நம் சினிமாவுக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. நோயாளிகளை அடைத்துவைத்து மாத்திரை கொடுத்தால் போதாது, கைக்கு வேலை வேண்டும், தொழில் வேண்டும், வீடு திரும்ப வழி வேண்டும் என்று நின்றவர் அவர். அந்த மருத்துவமனையின் தொழிற்பயிற்சிக் கூடத்தில் நோயாளிகள் ரொட்டி சுட்டிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற பிறகும் அவர் வீட்டில் உட்காரவில்லை. 1984-ல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். 1992-ல் பத்மபூஷண். 2021 டிசம்பரில், 98 வயதில் காலமானார். ஸ்கார்ஃபின் டாக்டர் தாரா குழுவினர், எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் முதல் தடவை நோய் வந்த 90 பேரை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். நோய் வந்தால் வாழ்க்கை முடிந்தது என்பது பொய் என்று காட்டிய ஆராய்ச்சிகளில் அது ஒன்று. ஆண்களில் பெரும்பாலோர் ஏதாவது வேலையில் இருந்தார்கள்.

வேலை என்று சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 'பைத்தியத்துக்கு எதுக்குக் கூலி, சோறு போட்டாப் போதும்' என்று வேலை வாங்குகிற புண்ணியவான்களும் நாட்டில் உண்டு. அது சிகிச்சை இல்லை, சுரண்டல். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைப் பற்றிப் பேசுகிறது. மனநல நிலையங்களில் யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, செய்த வேலைக்குத் தக்க கூலி கொடுக்க வேண்டும் என்கிறது. சித்தப்பா கொடுக்கிற அந்த மாசத் தொகையை நான் பெரிதாகச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. மனநோயாளி யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது. இதைச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டி வந்ததே என்று கேட்பீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி, விடியுமுன், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் இறந்துபோனார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் எழுந்து ஓட முடியவில்லை.

நடக்க முடிவது எவ்வளவு பெரிய உரிமை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வீட்டில் யாராவது இருந்தால்...

படித்ததையும், டாக்டர்களிடம் கேட்டதையும் சேர்த்துக் கொஞ்சம் சொல்கிறேன்.

★ ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை. எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை நாலையும் எழுதி வையுங்கள். சில மாசத்துக்கு ஒரு தடவை மறுபடி பாருங்கள்.

★ முதல் நாளே அரை மணி நேரம் வேண்டாம். தெருமுனை வரை போதும். பத்து நிமிஷம், அப்புறம் பதினைந்து.

★ தினமும் ஒரே நேரம், ஒரே வழி, ஒரே ஆள். 'இன்னிக்கு மூடு இருக்கா?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். மூடுக்காகக் காத்திருந்தால் திண்ணைதான் கதி.

★ வெறும் நடையைவிடக் காரியமான நடை நல்லது. பால் வாங்க, பேப்பர் வாங்க, செடிக்குத் தண்ணீர் ஊற்ற.

★ சில மருந்துகள் உடம்பு சூட்டைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். உச்சி வெயிலில் நடை வேண்டாம். காலை, மாலைதான். கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும்.

★ சட்டென்று எழுந்தால் சிலருக்குக் கண் இருட்டும். முதலில் உட்கார்ந்து, பிறகு நின்று, அப்புறம் நடக்கச் சொல்லுங்கள்.

★ ஓர் இடத்தில் உட்கார முடியாமல் தவித்துத் தவித்து உலாத்தினால், 'ஆஹா, நடக்கிறாரே' என்று சந்தோஷப்படாதீர்கள். அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். சரிசெய்ய வழி உண்டு.

★ நடந்தால் மாத்திரை வேண்டாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

★ ஒருநாள் வராவிட்டால் திட்டாதீர்கள். மறுநாள் நில்லுங்கள்.

எங்கே போய்க் கேட்பது என்று தெரியாவிட்டால், அரசாங்கத்தின் டெலி-மானஸ் நம்பர் 14416. 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. தேனிப் பக்கத்து ஆட்களுக்குக் க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்?

மனச்சிதைவு பெரும்பாலும் வாலிபத்தில் வருகிற நோய். ஆண்களுக்குப் பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள் தலைகாட்டுவது அதிகம். உங்களோடு கிரிக்கெட் ஆடியவன், ஒரே பெஞ்சில் காப்பி அடித்தவன், ஒரே பெண்ணுக்கு உங்களோடு போட்டி போட்டு லெட்டர் எழுதியவன், திடீரென்று ஒருநாள் வெளியே வருவதை நிறுத்தியிருப்பான். 'அவனுக்கு ஏதோ ஒரு மாதிரி ஆயிடுச்சாம்' என்று ஊரில் சொல்லியிருப்பார்கள். நீங்களும் உச்சுக்கொட்டிவிட்டு வேலைக்கு வந்திருப்பீர்கள். அவன் இப்போது ஏதோ ஒரு அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், ஒரு நாளைக்குப் பதினொரு மணி நேரம்.

உங்களால் அவனுக்கு மாத்திரை கொடுக்க முடியாது, ஊசி போட முடியாது. அதற்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களால் முடியாத ஒரு காரியம் உங்களால் முடியும். தினமும் சாயங்காலம் அவன் கூடவே தெருமுனை வரைக்கும் எந்த டாக்டரும் வரமாட்டார்.

லீவில் ஊருக்குப் போகும்போது அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உபதேசம் வேண்டாம், பரிதாபம் வேண்டாம். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போறேன்டா, சும்மா கூட வா" என்று கூப்பிடுங்கள். வரமாட்டான். மறுநாளும் கூப்பிடுங்கள். லீவு முடிந்து கிளம்பும்போது, அந்த வேலையை அந்தத் தெருவில் யாராவது ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.